கணிப்பொறிக்கு எந்த முகப்பு?

காரைக்குடி வட்டாரத்தில் வளர்ந்தவர்க்கு முகப்பு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வீதியிலிருந்து படியேறியதும் முகப்பு. அதைக் கடந்தால் வளவு. அதற்கும் அப்பால் இரண்டாங்கட்டு, அடுப்படி. வந்தவர் அமர்வதும், வீட்டைப் பற்றி மனத்துள் ஒரு முடிவுக்கு வருவதும் முகப்பில்தான். கணிப்பொறிக்கும் அப்படியொரு முகப்பு உண்டு. திரையில் விரிகின்ற பட்டியல், கீழே கிடக்கின்ற பட்டை, கோப்புகளை அடுக்கிக் காட்டுகின்ற சாளரம் ஆகிய யாவும் சேர்ந்ததே அது. டெஸ்க்டாப் என்விரான்மென்ட் என்பர். உள்ளே உழைக்கின்ற இயங்குதளம் வேறு. அதன் முன்னே நின்று நம்மோடு பேசுகின்ற முகப்பு வேறு.

விண்டோசைப் பயன்படுத்துவோர்க்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை. நிறுவனம் கட்டித் தந்த முகப்பில்தான் குடியிருந்தாக வேண்டும். கட்டற்ற மென்பொருளான லினக்சிலோ வீட்டை இடிக்காமலே முகப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். க்னோம், கே.டி.இ., எக்ஸ்.எஃப்.சி.இ., சின்னமன், மாட்டே என்று அவை பலவாகக் கிடக்கின்றன. எதை எடுப்பது? சுவருக்கு வண்ணம் தேர்வதைப் போன்ற சிறு செய்தி இது என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. நம்மைப் போன்ற அரசுக் கல்லூரி மாணவர்க்கு, கையிலிருக்கும் பழைய கணிப்பொறி இன்னும் சில ஆண்டுகள் உழைக்குமா, பழைய இரும்புக் கடைக்குப் போகுமா என்பதையே இந்தத் தேர்வு முடிவு செய்கின்றது.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே தேறும். அதற்கு முன் வாங்கியவை பழுதின்றி ஓடினாலும் தகுதியிழந்தவை ஆகிவிட்டன. கல்லலிலிருந்தும் புதுவயலிலிருந்தும் பேருந்தேறி வருகின்ற நம் தோழர் பலரிடம் இருப்பது என்ன? அக்காளோ அண்ணனோ பள்ளியில் படித்தபோது அரசு தந்த மடிக்கணினி. வீட்டில் அது ஒன்றுதான்.

அந்த மடிக்கணினிகளில் ஒரு பாடமும் இருக்கின்றது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு அத்திட்டத்தைத் தொடங்கியபோது, விண்டோசோடு பாஸ் லினக்சையும் சேர்த்தே வழங்கியது. சென்னையிலுள்ள சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்ட நம் நாட்டு இயங்குதளம் அது. ஆனால் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? நான் விசாரித்தவரில் பலர், ‘தொடங்கும்போது இரண்டு பெயர் வரும், எப்போதும் விண்டோசைத்தான் அழுத்துவோம்’ என்றனர். தவறி உள்ளே நுழைந்த ஒருவர், ஸ்டார்ட் பொத்தான் எங்கே என்று தேடிவிட்டு அணைத்துவிட்டாராம். இயங்குதளத்தில் குறை கண்டதாக எவரும் சொல்லவில்லை. முகப்பைத் தாண்டி எவரும் வளவுக்கே போகவில்லை!

இத்தனை முகப்புகள் ஏன் பிறந்தன என்பதும் சுவையான கதைதான். மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜெர்மானிய மாணவர் 1996இல் கே.டி.இ.யைத் தொடங்கினார். அது க்யூட்டி என்னும் மென்பொருள் தொகுதியின் மேல் எழுந்தது. க்யூட்டியின் உரிமமோ அந்நாளில் முழுமையான கட்டற்ற உரிமம் அன்று. அது பிடிக்காமல், மிகுவேல் தெ இகாசா, பெதெரிகோ மேனா என்ற மெக்சிகோ இளைஞர் இருவர் 1997இல் க்னோமைத் தொடங்கினர். 2000இல் க்யூட்டியின் உரிமச் சிக்கல் தீர்ந்தது; பங்காளிகள் மட்டும் ஒன்று சேரவில்லை. இன்றுவரை இரண்டு வீடு, இரண்டு அடுப்பு.

2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3, பழகிய பட்டியலையும் கீழ்ப்பட்டையையும் எடுத்துவிட்டுப் புதுக்கோலம் பூண்டது. உலகமெங்கும் முணுமுணுப்பு. லினக்சின் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்சே சினந்து எக்ஸ்.எஃப்.சி.இ.க்குக் குடிபெயர்ந்தார் (பிறகு க்னோமுக்கே திரும்பினார் என்பது வேறு). பழைய க்னோமை விட மனமில்லாத அர்ஜென்டினாக்காரர் ஒருவர் அதை மாட்டே என்ற பெயரில் தொடர்ந்தார். லினக்ஸ் மின்ட் குழுவினர் சின்னமனை உருவாக்கினர். இதே காலத்தில், 2012இல், விண்டோஸ் 8 தன் ஸ்டார்ட் பட்டியலை நீக்கியதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதை விரும்பாதவர்கள், 2015இல் விண்டோஸ் 10 வரும்வரை அந்நிறுவனம் மனமிரங்கட்டும் என்று காத்திருந்தனர். லினக்ஸ் பக்கத்தில் எவரும் காத்திருக்கவில்லை. வேண்டியதைத் தாமே கட்டிக்கொண்டனர். தேர்வுரிமை என்று மேடைதோறும் பேசுகின்றோமே, அது கண்முன் நடப்பதை நான் இங்கேதான் கண்டேன்.

நம் ஆய்வகத்துக்கும், கையிலுள்ள பழைய மடிக்கணினிகளுக்கும் எக்ஸ்.எஃப்.சி.இ.யே ஏற்றது என்பது என் துணிபு. ஒலிவியே ஃபூர்தான் என்பவர் 1996இல் தொடங்கியது இது. அழகில் முதல்வரிசையில் நிற்காது, பார்த்தவுடன் மயக்காது. ஆனால் நினைவகத்தைக் குறைவாகவே தின்னும். க்னோம் எழுந்து நிற்பதற்குள் 1 ஜி.பி.க்கு மேல் எடுத்துக்கொள்ளும் இடத்தில், இது ஏறத்தாழப் பாதியோடு அமைந்துவிடுகின்றது. 2 ஜி.பி. மட்டுமே உள்ள மடிக்கணினிக்கு அந்தப் பாதி பெரிய சொத்து. இணைய உலாவியைத் திறந்து பத்துப் பக்கங்களை விரித்தால் எந்த முகப்பும் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலாவியின் பசி தனிப்பசி.

எக்ஸ்.எஃப்.சி.இ.யின் இன்னொரு குணம் அதன் நிதானம். 4.16 பதிப்பு 2020 டிசம்பரிலும், 4.18 2022 டிசம்பரிலும், 4.20 2024 டிசம்பரிலும் வந்தன. ஒவ்வொன்றிலும் தோற்றம் பெரும்பாலும் அதேதான். முதலாண்டில் ஆசிரியர் எழுதித் தருகின்ற செய்முறைக் குறிப்பு மூன்றாம் ஆண்டிலும் பொருந்தும். கணிப்பொறியைக் கல்லூரிக்கு வந்தே முதன்முதலில் தொட்டவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

கே.டி.இ. அன்பர்கள் என்மீது வருந்தக்கூடும். அது முன்போல் கனமானதன்று. விண்டோசில் பழகிய கைக்கு மிக நெருங்கியதும் அதுவே. 8 ஜி.பி. நினைவகமுள்ள புது மடிக்கணினி வைத்திருப்போர் அதையே எடுத்துக்கொள்ளட்டும். பலர் மாறி மாறி அமர்கின்ற ஆய்வகத்திலோ அதன் சிறப்பே தொல்லையாகிவிடும். எதையும் மாற்றலாம் என்றால், முதல் மணியில் அமர்ந்தவர் பட்டையை இடப்பக்கம் நிறுத்திவிட்டுப் போவார். இரண்டாம் மணிக்காரர் பொறி கெட்டுவிட்டதென்று உதவியாளரைக் கூப்பிடுவார். பூட்டிவைக்க வழியுண்டு; பூட்டுவதற்கு ஆள் வேண்டும்.

நிற்க. எக்ஸ்.எஃப்.சி.இ.யில் ஒரு குறை உண்டு. அது தமிழ்த்துறைத் தோழர்களைச் சுடும் குறை. க்னோமில் அமைப்புப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்தால் போதும், தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். இங்கே ஐபஸ் என்ற மென்பொருளைத் தனியே நிறுவி, ஒருமுறை கைப்பட அமைக்க வேண்டும். நிறுவுகின்ற நாளிலேயே ஒவ்வொரு பொறியிலும் இதைச் செய்துவிட வேண்டும். ‘பிறகு பார்க்கலாம்’ என்று விட்டால் தமிழ் எழுத வழியில்லாத முகப்பு என்ற பெயர் நிலைத்துவிடும். பாசுக்கு நேர்ந்தது இதற்கும் நேரும்.

வணிகவியல் துறையினரின் கவலையும் நியாயமானது. டேலி விண்டோசுக்கென்று எழுதப்பட்டது. அவர்களுக்கு வேண்டிய சில பொறிகளை, விண்டோஸ் 11 ஏறக்கூடியவையாகப் பார்த்து ஒதுக்கிவிடலாம். சி, பைத்தான், லிப்ரே ஆபீஸ் போன்றவை நடக்கின்ற ஏனைய பொறிகளுக்கு எந்தத் தடையும் இல்லை. புதியவை இரண்டில் கே.டி.இ.யையும் சேர்த்து நிறுவினால், நுழைவுத் திரையிலேயே வேண்டிய முகப்பைத் தேர்ந்துகொள்ளலாம். ஒப்பிட்டுப் பார்க்கவும் வாய்க்கும்.

அஞ்சுவதற்கும் ஒன்றுமில்லை. பென்டிரைவிலிருந்தே லினக்சை ஓட்டிப் பார்க்கலாம். நிறுவு என்று நாம் சொல்லாதவரை வன்தட்டிலுள்ள விண்டோசும் கோப்புகளும் அப்படியே இருக்கும். துறைத்தலைவர் இசைந்தால் ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு பொறியில் செய்து காட்ட நானும் தோழர் மூவரும் அணியமாக இருக்கின்றோம். பென்டிரைவ் எங்களுடையது.