மூடினா சரியாயிடுமா?

கிட்ஹப்ல வழு பதியற மக்களுக்கு 'ஸ்டேல் பாட்' பத்தி அறிமுகம் தேவையில்லை. தெரியாதவங்களுக்கு மட்டும்: நீங்க பதிஞ்ச வழுவில் 60 நாள் யாரும் ஒண்ணும் எழுதலைன்னா, ஒரு தானியங்கி வந்து 'பழசு'ன்னு சீட்டு ஒட்டும். இன்னும் 7 நாள் சத்தமில்லைன்னா மூடிட்டுப் போயிடும். யாரும் மாத்தாம விட்டா இதுதான் கணக்கு. குபர்நெட்டீஸ்காரங்க கொஞ்சம் தாராளம். 90 நாள்ல 'பழசு', அடுத்த 30 நாள்ல 'அழுகல்', அதுக்கும் அடுத்த 30ல பாடை.

நான் கேக்கறது ஒண்ணுதான். அந்த 60 நாளும் பேசாம இருந்தது யாரு?

ஒரு திறமூல மென்பொருளில் (பேர் வேணாம்) 'கொ' எழுதினா கொம்பு தனியா, கால் தனியா நிக்குதுன்னு படம், பதிப்பு எண், மறுபடி வரவைக்கிற வழி எல்லாம் சேர்த்துப் பதிஞ்சேன். பதில் சொல்ல வேண்டியது அவங்க. சொல்லலை. 67ஆம் நாள் மூடப்பட்டது என் வழு. நல்ல நியாயம்யா!

பராமரிக்கிறவங்க பலபேர் சம்பளம் இல்லாம ராத்திரி கண் முழிக்கிறவங்கதான். ஆயிரக்கணக்கில் வழு குவிஞ்சா தலை சுத்தத்தான் செய்யும். ஆனா மூடறதால பட்டியல்தான் இளைக்குது, வழு அங்கேயேதான் இருக்கு. அடுத்து தேடி வர்றவர் சரியாயிடுச்சுன்னு நம்பி ஏமாறுவார், இல்லைன்னா புதுசா இன்னொண்ணு பதிவார். முன்னாடி பலர் பயன்படுத்தின 'ப்ரோபாட் ஸ்டேல்' இன்னும் மோசம். அது தானா ஒட்டின சீட்டு 'வோன்ட்ஃபிக்ஸ்', அதாவது சரிசெய்ய மாட்டோம். எந்த மனுஷன் எடுத்த முடிவு அது?

2003லயே ஜேமி ஜவின்ஸ்கி க்னோம்காரங்களை இதுக்குத்தான் திட்டினார். பழைய வழுவைப் படிக்காமலே மூடறாங்கன்னு. அப்போ மனுஷன் மூடினான், இப்போ பாட் மூடுது. வளர்ச்சி :-)

மொசில்லாவில் 2002 ஜூன்ல ஒரு வழு பதிவாச்சு. வேற சன்னலுக்குப் போனாலும் உதவிக்குறிப்புப் பெட்டி மட்டும் மறையாம மேலேயே நிக்கும். ஃபயர்பாக்ஸ்ங்கிற பேரே அப்போ கிடையாது. 2023ல, ஃபயர்பாக்ஸ் 119ல சரிபண்ணினாங்க. திறந்தே கிடந்ததால ஒருத்தர் கண்ணுல பட்டது. வயசானா வழு செத்துடும்னு யார் சொன்னது?

தானியங்கியே வேணாம்னு நான் சொல்லலை. அதே மொசில்லா 2019ல 'பக்பக்'னு ஒண்ணு அறிவிச்சாங்க. பழைய வழுக்களைப் படிச்சுக் கத்துக்கிட்டு, புதுசா வர்றதை எந்தப் பிரிவுக்கு அனுப்பணும்னு பிரிக்கும். அது வேலை! உபுண்டுவின் லாஞ்ச்பேட்லயும் 60 நாள் கெடு இருக்கு. ஆனா விவரம் பத்தலைன்னு குறிச்ச வழுவுக்குத்தான். கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லலைன்னா என் வழுவை மூடு, வாயை மூடிக்கிறேன்.

கிட்ஹப்ல இதுக்குன்னு புதுசா நிரல் எழுதவும் வேணாம். இப்போ இருக்கிற ஸ்டேல் நிரலில் 'ஒன்லி லேபிள்ஸ்'னு ஒரு அமைப்பு இருக்கு. 'விவரம் தேவை' சீட்டு உள்ளதை மட்டும் தொடுன்னு அதில் எழுதலாம். ஒரே ஒரு வரி சாமிகளா!