நாவின் சுயராஜ்யம்

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கலாகாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2020ஆம் வருஷத்தில் விதி செய்தது. நல்ல விதியே, மறுப்பாரில்லை. ஆனால் 51ஆவது மீட்டரில் காவல் யார்?

அவ்விடத்தில் பருத்திப்பட்டு மாணவனுக்கும் பூந்தமல்லி மாணவிக்கும் சொந்த விவேகமே துணை. அதனை அதட்டலால் ஊட்ட இயலாது. பசியா, வெறும் ஆசையா என்று தம்மைத் தாமே வினவவும், உறையின் பின்புறத்தில் சர்க்கரை அளவையும், சோடியம் என்ற பெயரில் நிற்கும் உப்பின் அளவையும் வாசிக்கவும் பெற்றோரும் உபாத்தியாயரும் பழக்குதல் வேண்டும். வேர்க்கடலையும் வாழைப்பழமும் கேழ்வரகு அடையும் வீட்டிலேயே காத்திருக்குமாயின் கடைப் பண்டத்தின் கவர்ச்சி தானே குறையும்.

வாலிபர்களே! பிறர் தடுக்க ஒதுக்குவது வெறும் கீழ்ப்படிதல். நீங்களே தேர்ந்து ஒதுக்குவதுதான் சுயராஜ்யம்.