காசு வாங்கும் கம்பெனி பதிலும் சொல்ல வேண்டும்

பொருளை விற்றவன் மறுநாளே கடையைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டால் அவனை மோசக்காரன் என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. ஆனால் கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு, மாதந்தவறாமல் நம் வங்கிக் கணக்கிலிருந்து சந்தாவை எடுத்துக்கொண்டு, ஒரு குறை என்று எழுதினால் மட்டும் வாய் திறவாத மென்பொருள் ஸ்தாபனங்களை, அவர்கள் வழக்கம் அப்படித்தான் என்று பொறுத்துப்போக எப்படியோ பழகிவிட்டோம்.

சிற்றூரில் அச்சகம் நடத்தும் ஒருவருடைய நிலையை எண்ணிப் பார்ப்போம். பக்கம் கட்டும் மென்பொருளை முறையாக விலை கொடுத்து வாங்கியவர் அவர். வைகாசி மாதத்துக் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்து கிடக்கும் சமயத்தில் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் பழுதாகிறது. வேறொன்றை மாட்டி மென்பொருளை மறுபடியும் ஏற்றினால், இந்த உரிமத்துக்கு அனுமதித்த கணினிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்ற வாசகம் திரையில் தோன்றி, வேலை அத்துடன் நின்றுவிடுகிறது. கம்பெனியின் உதவிப் பக்கத்தில் தொலைபேசி எண் இல்லை. அரட்டைப் பெட்டியில் ஓர் இயந்திரம், அவர் ஏற்கெனவே படித்துவிட்ட குறிப்புகளையே திரும்பத் திரும்ப நீட்டுகிறது. மின்னஞ்சல் எழுதினால் நொடியில் ஒரு டிக்கெட் எண் வருகிறது. இந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம் என்ற குறிப்பும் அதன் அடியில் இருக்கிறது. சில தினங்கள் கழித்து, தங்களிடமிருந்து மறுமொழி வராததால் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று இன்னொரு கடிதம். பதில் எழுத வழியில்லாத முகவரியிலிருந்து கடிதம் அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று காரணம் கூறுவதைப் போல மனிதனை அவமதிக்கும் காரியம் வியாபார உலகில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சிறு கம்பெனிகளின் விஷயம் வேறு. அவர்களுக்கு ஆள்பலம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெரிய ஸ்தாபனங்களோ லட்சக்கணக்கில் கொடுக்கும் வாடிக்கையாளருக்கென்று தனி அதிகாரிகளை வைத்து இரவு பகலாகப் பணிவிடை செய்கின்றன. மென்பொருளின் இன்னொரு பிரதியை விற்க ஏறக்குறையச் செலவே கிடையாது; ஆனால் சிறிய சந்தாதாரர் ஒருவருடைய புகாரை ஓர் ஊழியர் அரைமணி நேரம் உட்கார்ந்து படித்தால் அந்தச் சந்தாவின் லாபமே கரைந்துபோகும். ஆகவே மௌனம் அவர்களுக்கு ஆதாயமாகிறது. சட்டம் அதற்கு ஒரு விலை வைக்காத வரையில் அது ஆதாயமாகவே இருந்துவரும்.

விலை வைக்க முடியும் என்பதற்கு ஐரோப்பா சாட்சி. கூகுள் தன் இணையதளத்தில் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதிய ஜெர்மானியர்களுக்கு, கடிதங்கள் மிகுதியாக வருவதால் அவை படிக்கப்படமாட்டா என்ற தானியங்கி மறுமொழியே கிடைத்துவந்தது. நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்குத் தொடுக்க, இது சட்டம் கோரும் தொடர்பு வசதி ஆகாது என்று பெர்லின் மேல்நீதிமன்றம் 2017 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2019 ஜூலையில் அமேசான் வழக்கை விசாரித்த ஐரோப்பிய நீதிமன்றம், தொலைபேசி எண் கொடுத்தே தீர வேண்டுமென்று கட்டாயப்படுத்த இயலாது என்று சொல்லியபோதிலும், வாடிக்கையாளர் விரைவாகவும் நேராகவும் தொடர்புகொள்ள ஏதேனும் ஒரு வழி இருந்தாக வேண்டும் என்று வற்புறுத்தியது. 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக அமலில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அதன் வரம்புக்குள் வரும் சேவைகளின் தொடர்பு வசதி இயந்திரங்களை மட்டும் நம்பியதாக இருக்கக் கூடாது என்றும், ஒன்றியத்தில் அலுவலகம் இல்லாத கம்பெனி அங்கே ஒரு சட்டப் பிரதிநிதியை நியமிக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், இங்கே தொடர்ந்து வியாபாரம் செய்யும் வெளிநாட்டு ஸ்தாபனங்களையும் கட்டுப்படுத்துகின்றன. குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் பரிகாரம் காண வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழில் செய்து பிழைக்கும் அந்த அச்சகக்காரரும் நுகர்வோரே. தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே அவர் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் இந்நாட்டில் அலுவலகமோ ஆளோ சொத்தோ இல்லாத எதிர்வாதியின் மீது தீர்ப்பை நிறைவேற்றுவது எங்ஙனம்? சில ஆயிரம் ரூபாய் மென்பொருளுக்காக அயல்நாட்டு நீதிமன்றத்தின் வாசலில் போய் நிற்க யாரால் முடியும்?

வரி வசூல் விஷயத்தில் இந்த அசாத்தியம் நம் அரசாங்கத்தைத் தடுக்கவில்லை என்பதைத்தான் நான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். இணையத்தின் வழியே இந்தியருக்குச் சேவை விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்துகொண்டு, 18 சதவீத வரியை மாதாமாதம் கணக்குக் காட்டிக் கட்ட வேண்டியிருக்கிறது. இதற்கென இங்கே ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்காக அவர்கள் இந்தச் சந்தையை விட்டு ஓடிவிடவில்லை. ரிசர்வ் வங்கியும் 2021 அக்டோபரில், கார்டிலிருந்து தானாகக் கழியும் சந்தாக்களுக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும், வேண்டாதவர் வங்கி மூலமாகவே நிறுத்திவிட வசதி வேண்டும் என்ற விதியை அமலுக்குக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் பல கட்டணங்கள் தடைப்பட்டுச் சங்கடம் ஏற்பட்டது மெய். ஆனால் பதில் சொல்லாத கம்பெனியிடம் மன்றாடாமல் தன் பணத்தைத் தானே நிறுத்திக்கொள்ளும் சக்தி அன்று சாமானியனுக்குக் கிடைத்தது.

இவ்விரண்டையும் இணைப்பதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். ஜி.எஸ்.டி. பதிவுக்கு விண்ணப்பிக்கும் கம்பெனி, வரிக்கு ஒரு பிரதிநிதியைக் காட்டுவதுபோலக் குறை கேட்கவும் ஒருவரை இந்நாட்டு முகவரியோடு காட்டட்டும். அந்தப் பெயரும் முகவரியும், ஒவ்வொரு சந்தாவுக்கும் வங்கி அனுப்பும் முன்னறிவிப்பிலேயே அச்சாகி வரட்டும். ஒரு மாதம் கடந்தும் பதில் கிடைக்காத புகாரை வாடிக்கையாளர் வங்கியிடம் காட்டினால், ஏற்கெனவே கழிந்த தவணையைத் திரும்பக் கோரும் உரிமையையும் ரிசர்வ் வங்கி அவருக்கு அளிக்கட்டும்.