டாப் எண்ட் யாருக்கு?

எந்த வண்டி என்று முடிவு செய்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். எந்த வேரியண்ட் என்று வரும்போதுதான் வீடு இரண்டுபடும். கிரெட்டா என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஈ, ஈஎக்ஸ், எஸ், எஸ்எக்ஸ் என்று வரிசை நீள்கிறது. செல்டோஸ் பக்கம் திரும்பினால் எச்டிஈ, எச்டிகே, எச்டிஎக்ஸ். மாருதியின் கிராண்ட் விட்டாராவில் சிக்மா, டெல்டா, ஜீட்டா, ஆல்ஃபா. ஒவ்வொன்றுக்கும் எந்த இன்ஜின், மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று கிளை பிரிகிறது. கரூரில் வங்கி வேலையில் இருக்கும் என் மைத்துனர் இதற்காக ஒரு எக்செல் ஷீட்டே போட்டுவிட்டார். போட்ட பிறகு குழப்பம் கூடியதே தவிர குறையவில்லை. "மச்சான், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிச்சிடலாம்" என்று போன். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமா இது?

இந்த ரக வண்டிகளோடு நமக்குக் கொஞ்சம் பூர்வ பந்தம் உண்டு. 2012இல் ரெனோ டஸ்டர் ஒரகடத்திலிருந்து வந்தது. 2013இல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் மறைமலை நகரிலிருந்து. 2015இல் ஹூண்டாய் கிரெட்டா இருங்காட்டுக்கோட்டையிலிருந்து. வீட்டுக்கு ஒரு எஸ்யூவி என்ற ஆசையை நாடு முழுக்கக் கிளப்பிவிட்ட மூன்றும் சென்னையின் புறநகரில் பிறந்தவை. ஃபோர்டு 2021இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது ஈகோஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் பட்ட கவலையை நினைத்துப் பாருங்கள். வண்டி நல்ல வண்டி. நாளைக்கு பம்பர் உடைந்தால் எங்கே போவது என்பதுதான் கேள்வி. அதனால் என் முதல் வடிகட்டி மிகச் சாதாரணமானது. உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சர்வீஸ் சென்டர் இல்லாத கம்பெனியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இவை பார்வைக்குத்தான் ஜீப், அடியில் கார். தனி சேசிஸ் கிடையாது, இன்ஜின் சக்தி பெரும்பாலானவற்றில் முன்சக்கரங்களுக்கு மட்டும்தான் போகும். உயரம் மட்டும் நிஜம். கிரெட்டாவின் அடிப்பாகம் தரையிலிருந்து 190 மில்லிமீட்டர், ஹோண்டா எலிவேட்டுக்கு 220. நம் கிராமத்துச் சாலைகளில் அவரவர் வீட்டு வாசலில் அவரவர் போட்டுக்கொண்ட வேகத்தடைகளைக் கடக்க அந்த உயரம் போதும். கொல்லிமலைக்கு ஏறவும் போதும். சேற்றில் இறங்கி வயலை உழப்போவதில்லை அல்லவா?

வேரியண்டுக்கு வருவோம். ஷோரூமில் யாரும் எடுத்துச் சொல்லாத விஷயம், விலைப்பட்டியலுக்கு நடுவே அரசாங்கம் போட்டுவைத்திருக்கும் கோடுகள். 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் உள்ள ஜிஎஸ்டி கணக்குப்படி, நீளம் 4 மீட்டருக்குள்ளும், இன்ஜின் பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள்ளும், டீசல் என்றால் 1500 சிசிக்குள்ளும் இருந்தால் வரி 18 சதவீதம். ஒரு நிபந்தனை தவறினாலும் 40. நெக்ஸான், சோனெட், பிரெஸ்ஸா மூன்றும் சொல்லிவைத்தாற்போல 3,995 மில்லிமீட்டர் நீளத்தில் வந்து நிற்பதற்கு இந்த 4 மீட்டர் கோடுதான் காரணம். அதிலும் பிரெஸ்ஸாவின் இன்ஜின் 1,462 சிசி என்பதால் நீளத்தில் தேறியும் 40இல் மாட்டிக்கொள்கிறது.

இது டெல்லி போட்ட கோடு. கோட்டை போட்ட கோடு இன்னும் சூட்சுமமானது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் சாலை வரி, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். கூடுதல் விகிதம் 10 லட்சத்துக்கு மேலே உள்ள தொகைக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும். 9,95,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,350. அதே வண்டியின் அடுத்த வேரியண்ட் 10,05,000 என்றால் வரி 1,80,900. அலாய் வீலுக்கும் அகலமான திரைக்கும் ஆசைப்பட்டுப் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுத்தால், அதற்குத் துணையாக ஐம்பத்தோராயிரத்துச் சொச்சம் வரியும் போகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் வேறு பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், சாலை வரியைப் பெற முடியாது. மைத்துனரின் எக்செல் ஷீட்டில் எல்லாம் இருந்தது, இந்தக் கோடு மட்டும் இல்லை. வங்கிக்காரர்!

ஷோரூமுக்கு அத்தையையும் கூட்டி வரச் சொன்னேன். மைத்துனருக்கு அதில் விருப்பமில்லை. "அம்மாவுக்கு என்ன தெரியும்?" என்றார். அம்மாவுக்குத்தான் தெரியும். எழுபதைத் தாண்டியவர், இரண்டு முழங்காலும் வலி. வண்டி ஓட்டுகிறவர் எப்படியும் ஏறிவிடுவார், பின்சீட்டில் ஏறி இறங்க வேண்டியவர் இவர்.

கண்ணாடிபோல் துடைத்துவைத்த வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டார் விற்பனைப் பிரதிநிதி. அத்தை ஒரு கையால் புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்தார். மறு கை பிடிமானம் தேடியது. கதவுக்கு மேலே இருந்த கைப்பிடி அவர் உயரத்துக்கு எட்டவில்லை. முன்சீட்டின் தலைச்சாய்ப்பைப் பிடித்து, வலது காலைத் தூக்கி வைத்து, ஒரு மூச்சு எடுத்து, பிறகு உடம்பை உள்ளே தள்ளினார். உட்கார்ந்ததும் ஜன்னலைப் பார்த்தார். இப்போதைய வண்டிகளில் பின்பக்கம் போகப்போகக் கண்ணாடி குறுகி மேலேறிவிடுகிறது. ஸ்டைலாம். "வெளியே ஒண்ணும் தெரியலையேப்பா" என்றார். அந்தப் பையன் சமாளிப்பாக ஒரு பட்டனைத் தட்டினான். கூரை பின்னோக்கி நகர்ந்தது. "பனோரமிக் சன்ரூஃப்மா, டாப் எண்ட்ல மட்டும்தான் வருது!" அத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "வெயில் வராம இருக்க ஏதாவது வருதா தம்பி?"

அன்றைக்கு நடந்த பேச்சில் உருப்படியானது அந்த ஒரு கேள்விதான். வருடத்தில் எட்டு மாதம் நிழல் தேடும் ஊரில், கூரையில் கண்ணாடி வைத்து விற்கிறார்கள், நாமும் கூடுதல் காசு கொடுத்து வாங்கி, வாங்கிய அன்றே திரையை இழுத்து மூடிவிடுகிறோம். மிச்சப் பயன், பிள்ளைகள் எழுந்து நின்று தலையை நீட்டுவது. ஓடுகிற வண்டியில் அதைவிட ஆபத்தான காரியம் இல்லை. அதே பணத்துக்குக் காற்று வரும் சீட், அதாவது வென்டிலேட்டட் சீட் இருந்தால் சித்திரை வெயிலில் முதுகு நனையாமல் மதுரை போய்ச் சேரலாம். ஆனால் சன்ரூஃப் போட்டோவில் தெரியும், முதுகு தெரியாது.

வேரியண்ட் பிரிக்கிறவர்களின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. ஜவுளிக்கடையில் மூவாயிரத்துக்குள் என்று சொன்ன பிறகும் நாலாயிரத்துப் புடவையைத்தான் முதலில் விரிப்பார்கள், தெரியுமல்லவா? அதே கணக்கு. பின்கண்ணாடி வைப்பர், பனி நீக்கும் டிஃபாகர், ஓட்டுநர் சீட்டின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, பின்சீட்டு ஏசி வென்ட் என்று தேவையானவற்றை ஒவ்வொரு படியிலும் ஒன்றாகத் தூவி, பக்கத்திலேயே ஓர் ஆசைப்பொருளையும் வைப்பார்கள். ஐப்பசி மழையில் வைப்பர் இல்லாத பின்கண்ணாடியோடு ரிவர்ஸ் எடுத்தவருக்கு அதன் அருமை தெரியும். அது வேண்டும் என்றால், வேண்டாத இன்னும் நாலைந்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். ஆகவே தேவைப் பட்டியலை வீட்டிலேயே, பிரோஷரைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. பிரோஷரைப் பார்த்த பிறகு எழுதினால் அது நம் பட்டியலாக இருக்காது.

"பாதுகாப்பு வேணும்னா டாப் எண்ட்தான் சார்" என்று ஒரு வாதம் வைப்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. இன்று கிரெட்டா, செல்டோஸ் போன்றவற்றில் அடிப்படை வேரியண்டிலேயே ஆறு ஏர்பேக் வந்துவிடுகிறது. வண்டியின் கூடும் எல்லா வேரியண்டுக்கும் ஒன்றுதான். 2018இல் நெக்ஸான் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பிறகு நம் ஊரில் இதைப் பற்றிய பேச்சு வலுத்தது, 2023 அக்டோபரில் பாரத் என்கேப் வந்தது. நீங்கள் பார்க்கும் வண்டி சோதிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அதோடு பின்சீட்டின் நடுவில் உட்காருகிறவருக்குத் தோளோடு சேர்ந்த மூன்றுமுனை பெல்ட் இருக்கிறதா, தலைச்சாய்ப்பு இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். அங்கே உட்காரப்போவது பெரும்பாலும் வீட்டின் சின்னப் பிள்ளை. 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் சட்டப்படி ஆயிரம் ரூபாய் அபராதம். குழந்தை இருக்கைக்கான ஐசோஃபிக்ஸ் கொக்கி வண்டியில் சும்மா கிடக்க, பிள்ளையை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

டாப் எண்டில் இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது அடாஸ், அதாவது ஓட்டுநருக்குத் துணைசெய்யும் மின்னணு வசதிகள். முன்னால் இடிக்கப்போகிறோம் என்றால் தானாக பிரேக் பிடிக்கும் பகுதி உண்மையிலேயே நல்லது. முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் க்ரூஸ் கன்ட்ரோல் நம் நெடுஞ்சாலையில் படும் பாடு வேறு. அது மரியாதையாக விட்டுவைக்கும் இடைவெளியில் ஒரு பைக் நுழையும், வண்டி பிரேக் போடும், மறுபடி இடைவெளி விடும், அடுத்த பைக் நுழையும். வாரம் தவறாமல் திருச்சி சாலையில் இரவில் போகிறவர் என்றால் வாங்கலாம். உள்ளூரிலேயே ஓடும் வண்டிக்கு அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை.

இப்படி மிச்சமாகும் பணத்தை எங்கே போடலாம் என்று கேட்டால் நான் இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம் கைகாட்டுவேன். சன்ரூஃப் நாலு மாதத்தில் மறந்துபோகும், கியர்பாக்ஸோடு பத்து வருடம் குடித்தனம் நடத்த வேண்டும். சென்னை நெரிசலில் ஓட்டுகிறவருக்கு டார்க் கன்வெர்ட்டரோ சிவிடியோ தான் நிம்மதி. ஏஎம்டி மலிவு, ஒவ்வொரு கியருக்கும் தலையை ஒரு ஆட்டு ஆட்டும். உலர் கிளட்ச் வைத்த டிசிடி நெடுஞ்சாலையில் பறக்கும், அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசலில் சூடேறும். தினமும் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் மட்டும் போய்வருகிறவர்கள் மைலேஜை நம்பி டீசல் வாங்காமலிருப்பது நல்லது. புகைக்குழாயில் உள்ள துகள் வடிகட்டி சுத்தமாக, வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். குறுகிய தூரத்திலேயே நின்று நின்று ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஹைப்ரிட் வண்டிகளுக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று சான்று உண்டு. நகரத்தில்தான் அதன் பலன் அதிகம், ஆனால் பேட்டரி டிக்கியில் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் பானை, விறகோடு போகிற குடும்பம் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சக்கரம் பற்றி ஒரு வரி. மேல் வேரியண்டுகளில் வரும் பெரிய அலாய் வீலில் டயரின் பக்கச்சுவர் மெலிந்திருக்கும், பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்கும் நம் இடுப்புக்கும் போகும், டயர் மாற்றும்போது செலவும் கூடுதல். கீழ் வேரியண்டின் 16 அங்குலச் சக்கரம் அழகு குறைவு, சுகம் அதிகம்.

மைத்துனர் கடைசியில் நடு வேரியண்டில், ஆட்டோமேட்டிக் எடுத்தார். சன்ரூஃப் இல்லை. அவர் மகளுக்கு இன்னும் கோபம். அத்தை ஏறுவதற்கு ஒரு பக்கவாட்டுப் படி தனியாகப் பொருத்தினார்கள், டாப் எண்டிலும் அது கிடையாது.

பில் போடும் கட்டத்தில்தான் கடைசிச் சண்டை. அந்த ஷோரூம் கொடுத்த ஆன்-ரோடு விலையில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி, 'எசென்ஷியல் கிட்' என்று இன்னொரு வரி. எதை ஹேண்டில் செய்தீர்கள் என்று மைத்துனர் கேட்டதும் மேலாளர் சிரித்துக்கொண்டே பேனாவால் அடித்துவிட்டார். கேட்காதவர்கள் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இன்சூரன்ஸும் அப்படித்தான். மூன்றாம் நபர் காப்பீடு புதுக் காருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது கட்டாயம், ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. அதே ஐடிவி (வண்டியின் காப்பீட்டு மதிப்பு), அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத காப்பீடு) என்று வைத்து வெளியே விலை கேட்டுப் பாருங்கள்.

புக்கிங் பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: வரி வரியாகப் பிரித்த ஆன்-ரோடு விலை, புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், உங்களுக்கு ஒதுக்கிய வண்டி தயாரான மாதமும் ஆண்டும். மூன்றாவதை டிசம்பர், ஜனவரியில் வாங்குகிறவர்கள் மறக்கவே கூடாது.