பிறையும் கேமராவும்



பதினான்காம் இரவின் முழுமதியைச் சிறிய ஜூம் கேமராவில் படமெடுத்தால், பெரும்பாலும் வெள்ளைப் பொட்டு ஒன்றுதான் பதிவாகிறது. குறை நிலவிடம் இல்லை. கரிய வானத்தைக் கண்ட கேமரா, காட்சி முழுவதும் இருளே எனக் கருதி அளவுக்கு மீறிய ஒளியை வாங்கிவிடுகிறது. நிலவோ நண்பகல் வெயிலில் காயும் நிலப்பரப்பைப் போன்றது. அதன் ஒளியைக் குறித்து அறிஞர் இப்னுல் ஹைஸம் (965–1040) தனி நூலே இயற்றியுள்ளார்.

ஆகவே, பகற்காட்சிக்குரிய அளவையே அமையுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் வேகம் 1/250 வினாடி எனத் தொடங்கலாம். லென்ஸின் ஜூமை மட்டும் பயன்படுத்துங்கள். டிஜிட்டல் ஜூம் புதிய விவரம் எதையும் தராது. கேமராவை முக்காலியிலோ மொட்டைமாடிச் சுவரிலோ இருத்தி, 2 வினாடி டைமரை இயக்குங்கள். நிலவின் பள்ளங்களை நிழலோடு காண ஏழாம், எட்டாம் பிறை நாட்களே ஏற்றவை.

தலைப்பிறையைப் படமெடுப்போர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். எந்த ஊரில், எந்த மாலையில் எடுக்கப்பட்டது என்பதைப் படம் தானே சொல்லாது. கேமராவின் தேதி தவறாக அமைந்திருக்கக்கூடும். சென்ற ஆண்டின் பிறையும் இவ்வாண்டின் பிறைபோலவே தோன்றும். பல குடும்பங்களின் நோன்பும் பெருநாளும் இதில் அடங்கியுள்ளன. எனவே பிறையைக் கண்ணால் கண்டவர், ஊர் ஜமாஅத்தாரிடம் நேரில் சென்று சாட்சி சொல்லட்டும். கைப்பேசியில் வந்த பிறைப் படத்தை விசாரிக்காமல் பிறருக்கு அனுப்பாதீர்கள்.