பிஸ்மார்க்கின் தேசியமும் தொழிலாளியின் ரொட்டியும்

தேசம் ஒன்றுபட்டால் ஏழையின் வயிறு தானாகவே நிறையும் என்று சொல்லுகிற கூட்டம் எந்தக் காலத்திலும், எந்த நாட்டிலும் உண்டு. அக்கூட்டத்தாரை அத்தாட்சி கேட்டால் உடனே ஜெர்மனியைக் காட்டுவார்கள். பிஸ்மார்க் என்னும் மந்திரி சிதறிக் கிடந்த ஜெர்மன் நாடுகளை ஒன்றாக்கினார் என்றும், ஆக்கிய பிறகு தொழிலாளிக்கு நோய்க்கால உதவியும் கிழவனுக்குப் பென்ஷனும் சட்டமாக்கிக் கொடுத்தார் என்றும், இதுவல்லவோ தேசியத்தின் பலன் என்றும் பெருமை பேசுவார்கள். சம்பவங்கள் உண்மைதான். அவற்றுக்குக் கற்பிக்கிற காரணம் மாத்திரம் சுத்தப் புரட்டு.

அந்த ஐக்கியத்தை யார், யாருக்காகச் செய்தார்கள் என்று முதலில் பார்ப்போம். 1848-ம் வருஷத்தில் ஜனங்களே கிளர்ச்சி செய்து, பிராங்க்பர்ட் நகரத்தில் தங்கள் பிரதிநிதிகளைக் கூட்டி, ஒரு அரசியல் சட்டமும் எழுதி, பிரஷ்ய ராஜாவைச் சக்கரவர்த்தியாக இருக்கும்படி 1849-ல் கேட்டார்கள். ஜனங்கள் கையால் கொடுக்கிற கிரீடம் தமக்குக் கவுரவக் குறைவென்று அந்த ராஜா மறுத்துவிட்டார். ஜனங்கள் கேட்ட போது கூடாததாயிருந்த அதே ஐக்கியம், 1862-ல் பிஸ்மார்க் என்கிற நிலப்பிரபு முதன் மந்திரியான பிறகு கூடியதாகி விட்டது. இவர், பட்டாளச் செலவுக்குச் சட்டசபை பணம் மறுத்தால் சபையைக் கேளாமலே நாலு வருஷம் வரி வசூலித்தவர். பெரிய காரியங்கள் பேச்சினாலும் ஓட்டினாலும் ஆகிறதில்லை, இரும்பினாலும் இரத்தத்தினாலுமே ஆகும் என்று பகிரங்கமாய்ச் சொன்னவர். 1864-ல் டென்மார்க்கோடும், 1866-ல் ஆஸ்திரியாவோடும், 1870-ல் பிரான்சோடும் யுத்தம். கடைசி யுத்தத்துக்கு முன் ராஜாவிடமிருந்து வந்த தந்தி ஒன்றை, படிக்கிறவனுக்கு ரோஷம் வரும்படியாகச் சுருக்கிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்ததை அவரே தமது சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். 1871 ஜனவரி 18-ல், தோற்றவன் நாட்டு வெர்சேல்ஸ் அரண்மனையில், சிற்றரசர்களும் சேனாதிபதிகளும் சூழ்ந்து நிற்க, சாம்ராஜ்யம் பிறந்தது. அந்த மண்டபத்தில் உழுகிறவனுக்கும் நெய்கிறவனுக்கும் என்ன வேலை?

புதிய சாம்ராஜ்ய சபைக்கு 25 வயதான ஆண்களுக்கெல்லாம் ஓட்டு உண்டு, பெண்களுக்கில்லை. ஆனால் பிரதம மந்திரி அந்தச் சபைக்குக் கட்டுப்பட்டவரல்ல. சாம்ராஜ்யத்தின் பெரும்பாகமாகிய பிரஷ்யாவிலோ வேடிக்கை இன்னும் அதிகம். அங்கே ஓட்டர்கள் கட்டும் வரியை மூன்று சம பங்காக்கி, முதற் பங்கைக் கட்டுகிற சில தனவந்தர்கள் ஒரு வகுப்பு, அடுத்த பங்கைக் கட்டுகிறவர்கள் ஒரு வகுப்பு, மிச்சமுள்ள ஏழைகள் அத்தனை பேரும் ஒரு வகுப்பு என்று பிரித்து, மூன்று வகுப்புக்கும் ஒரே எண்ணிக்கையான பிரதிநிதிகளைக் கொடுத்தார்கள். அதாவது ஒரு ஊர் வரியில் மூன்றில் ஒரு பங்கை ஒரே மிராசுதாரர் கட்டினால் அவர் ஒருவரும், அவரிடம் கூலி வாங்குகிற ஆயிரம் பேரும் சமம்! அதுவும் எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஓட்டு. இது 1918 வரை நடந்தது. பிறவியினால் வகுத்த மனுதர்மத்தைக் கண்ட நமக்குப் பணத்தினால் வகுத்த இந்த மனுதர்மம் அதிசயமாய்த் தோன்றாது.

நம் தோழர்களில் சிலருக்குப் பிஸ்மார்க்கிடம் ஒரு தனிப் பிரீதி உண்டு. பாதிரிகளின் கொட்டத்தை அடக்கினாரல்லவா என்பார்கள். 1872-ல் பள்ளிக்கூட மேற்பார்வையைச் சர்க்கார் எடுத்துக் கொண்டதும், பாதிரியில்லாமல் சர்க்கார் அதிகாரி முன் நடப்பதே சட்டப்படியான கலியாணம் என்று 1875-ல் செய்ததும் நல்ல காரியங்களே. (நமது புரோகிதமற்ற கலியாணத்துக்குச் சட்டம் வர 1967 ஆயிற்று.) ஆனால் இது பகுத்தறிவுக்காகவா? போப்புக்குக் கீழ்ப்படிகிறவன் சக்கரவர்த்திக்கு முழு அடிமையாக மாட்டான் என்ற சந்தேகந்தான். ராஜாவே தலைவராயுள்ள புராட்டஸ்டண்டு சபையின் தலைமையை அவர் ஒழித்தாரா? 1879-ல் தானியத் தீர்வைக்குக் கத்தோலிக்கக் கட்சியின் ஓட்டு வேண்டியிருந்தது. போப்போடு சண்டையும் தணியலாயிற்று.

அடுத்த விரோதி சமதர்மக்காரர். 1870-ல் யுத்தக் கடனுக்கு ஓட்டளிக்க மறுத்த பேபெலுக்கும் லீப்னெக்டுக்கும் 1872-ல் ராஜத்துரோகமென்று இரண்டு வருஷம் கோட்டைச் சிறை. 1878-ல் சக்கரவர்த்தியை இரண்டு பேர் வெவ்வேறு சமயத்தில் சுட்டார்கள். கட்சி ஏவியதாக ருஜுவில்லாவிட்டாலும், அதையே சாக்காக்கி ஒரு சட்டம்: சங்கம் கூடாது, கூட்டம் கூடாது, பத்திரிகை கூடாது.

பென்ஷன் வருவது இந்த இடத்தில்தான். தடிக்கு அடங்காதவனை ரொட்டியால் இழுக்கலாம் என்கிற யோசனை. 1883-ல் நோய் இன்ஷூரன்ஸ். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு பணம் தொழிலாளியுடையது. 1884-ல் விபத்து இன்ஷூரன்ஸ். இது முதலாளி செலவு. 1889-ல் கிழவர் பென்ஷன், வயது எழுபது! சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்து எழுபது வரை மூச்சோடிருப்பவன் எத்தனை பேர்? அந்தப் பென்ஷனுக்குச் சர்க்கார் போட்டது ஆளுக்கு வருஷம் 50 மார்க்கு. ஆனால் பிரபுக்களின் விளைச்சலுக்கு விலை ஏறுவதற்காக, வெளிநாட்டுத் தானியத்தின் மேல் 100 கிலோவுக்கு 1879-ல் 1 மார்க்கும், 1885-ல் 3 மார்க்கும், 1887-ல் 5 மார்க்கும் தீர்வை. ஒரு டன் தானியத்தின் தீர்வையும் கிழவனுக்குத் தரும் தர்மமும் ஒரே தொகை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வேலை நேரக் குறைப்பு என்று கேட்டாலோ மந்திரி ஒப்பவில்லை. அது முதலாளியின் கையைக் கட்டுமாம்.

தொழிலாளி ஏமாந்தானா? சமதர்மக் கட்சிக்கு 1881-ல் கிடைத்த ஓட்டு சுமார் 3 லட்சம். இத்தனை தானத்துக்கும் அடக்குமுறைக்கும் பிறகு 1890-ல் 14 லட்சத்துக்கு மேல்! அவ்வருஷமே பிஸ்மார்க் வீட்டுக்குப் போனார்; அடக்குமுறைச் சட்டமும் காலாவதியாயிற்று. நோய்ச் சங்கங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு பணம் கட்டியதால் நிர்வாகத்திலும் அதே பங்கு தொழிலாளிக்கு வர, அவர் யாரை ஒழிக்க இவற்றை ஏற்படுத்தினாரோ அவர்களே பல ஊர்களில் அவற்றை நடத்தினார்கள். ஆகவே இந்தச் சட்டங்களைப் பெற்றுத் தந்தது தேசபக்தியா, தொழிலாளர் கட்சியிடமிருந்த பயமா?

ஆனால் தேசியமும் சும்மாயிருக்கவில்லை. 1914 ஆகஸ்டு 4-ல் பேபெலின் கட்சியே சபையில் யுத்தக் கடனுக்கு ஓட்டளித்தது. பென்ஷன் வயது எழுபதிலிருந்து அறுபத்தைந்தாகக் குறைக்கப்பட்டது 1916-ல், அந்த யுத்தத்தின் நடுவில். யுத்தம் முடிவதற்குள் ஜெர்மன் சிப்பாய்கள் சுமார் 20 லட்சம் பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதையும் காணாதவர்கள்.