கயிறு பிடிக்கிற கை நழுவலாமா?

கல்லூரிக்குள் முதன்முதலாகக் காலடி வைக்கும் பையனை வரவேற்பது யார்? முதல்வர் அல்ல. பேராசிரியர் அல்ல. மூத்த மாணவன்தான்!

"ஏலே, இங்க வா. எந்த ஊரு?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலில் இருப்பது அன்பா, அதட்டலா? அடுத்த மூன்று நான்கு வருஷம் அந்தப் பையன் நிம்மதியாகப் படிப்பானா, பயந்து சாவானா என்பது அதைப் பொறுத்தது.

பல்கலைக்கழக மாணவன் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு விதிகள் ஏராளம். வகுப்புக்கு இத்தனை நாள் வர வேண்டும், அடையாள அட்டை மாட்ட வேண்டும், தேர்வில் காப்பி அடிக்கக் கூடாது... எல்லாம் சரிதான். ஆனால் அவன் உண்மையிலேயே படித்தவனா என்று பார்க்க ஒரே ஒரு அளவுகோல் போதும். தன்னைவிடச் சின்னவனை, ஊருக்குப் புதியவனை, எதிர்த்துப் பேச முடியாதவனை அவன் எப்படி நடத்துகிறான்?

அங்கேதான் பலருடைய சாயம் வெளுக்கிறது!

மச்சான் கை

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கு இந்த விஷயத்தைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. முத்துக்குளித்த கடற்கரை அது.

காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவன் மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். கண் அயர்ந்தால் போச்சு! அதனால்தான் அந்தக் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பது வழக்கம் என்று கடற்கரையில் சொல்வார்கள். தங்கச்சி தாலி அல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது!

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்று போனது. ஆனால் அந்தப் பாடம் நின்று போகவில்லை. இறங்குகிறவன் புதியவன். கயிறு பிடிக்கிறவன் மூத்தவன். கல்லூரியிலும் அதே கணக்குத்தான்.

புன்னைக்காயலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. போர்ச்சுக்கல் நாட்டிலிருந்து வந்த அண்டிரிக் பாதிரியார் இந்தக் கடற்கரை மக்களோடு வாழ்ந்து தமிழ் படித்தார். தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். அவருடைய 'அடியார் வரலாறு' 1586ஆம் ஆண்டில் புன்னைக்காயலில் அச்சேறியது. மொழி தெரியாமல் வந்து இறங்கிய ஒரு புதியவரை இந்தக் கரை ஏற்றுக்கொண்டதால் தமிழுக்குக் கிடைத்த லாபம் அது.

சிதம்பரத்தில் நடந்தது

இதற்கு நேர்மாறாக நடந்தால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது.

1996ஆம் ஆண்டு நவம்பர் 6. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்த மாணவர் நாவரசு காணாமல் போனார். பிறகு கிடைத்தது உடலின் துண்டுகள்! அதே கல்லூரியில் படித்த மூத்த மாணவர் ஜான் டேவிட் கைதானார். ராகிங் செய்ததும், நாவரசு பணிய மறுத்ததும்தான் கொலைக்குக் காரணம் என்றது போலீஸ் தரப்பு.

நாவரசுவின் தந்தை பொன்னுசாமி யார் தெரியுமா? அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்! துணைவேந்தர் பிள்ளைக்கே பாதுகாப்பு இல்லை என்றால், வலை இழுப்பவர் பிள்ளைக்கும் மளிகைக் கடைக்காரர் பிள்ளைக்கும் ஏது பாதுகாப்பு?

1998ல் கடலூர் நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001ல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. தீர்ப்புக்காக அந்தக் குடும்பம் காத்திருந்த காலம் 14 வருஷத்துக்கும் மேல். போன உயிர் மட்டும் திரும்பவில்லை.

கடலுக்கு அக்கரையிலும் இதே கண்ணீர்தான். இலங்கை பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்த தமிழ் மாணவர் வரப்பிரகாஷ் 1997ல் ராகிங் கொடுமையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே அங்கும் ராகிங் தடைச் சட்டம் வந்தது.

ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்னால் ஒரு பிணம் விழ வேண்டுமா?

'சும்மா தமாஷ் சார்!'

பிடிபட்டதும் எல்லோரும் சொல்வது ஒரே பதில்தான். "சும்மா தமாஷுக்குத்தான் சார்!"

தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டத்தில் தமாஷுக்கு இடமே இல்லை. அடித்தால்தான் ராகிங் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. கேலி செய்வது, திட்டுவது, பயமுறுத்துவது, வெட்கப்படும்படி செய்வது, விருப்பமில்லாததைச் செய்யச் சொல்வது எல்லாமே ராகிங்தான். கல்லூரிக்கு உள்ளே நடந்தாலும் குற்றம். வெளியே நடந்தாலும் குற்றம். ஆகவே பஸ்ஸும் ரயிலும் விடுதி மாடியும் தப்பாது!

தண்டனை 2 ஆண்டு வரை சிறை, 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கம். வேறு கல்லூரியிலும் சேர முடியாது.

அதோடு முடிந்ததா? வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும்போது என்ன சொல்வது? கப்பல் வேலைக்குப் போக வேண்டும் என்று கனவு காணும் பையன்கள் நிறைந்த கரை இது. சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதுகிற பையன்களும் உண்டு. ஒரு ராத்திரி 'தமாஷ்' ஒரு வீட்டின் பல வருஷக் கனவைக் கவிழ்த்துவிடும். அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டிய பீஸ் யாருக்காக? வம்பு வளர்ப்பதற்காகவா?

"கொஞ்சம் ராகிங் இருந்தால்தான் பையனுக்குக் கூச்சம் போகும், பழக்கம் வரும்" என்று சில பெரியவர்களே பேசுகிறார்கள். வள்ளத்தில் முதல் நாள் ஏறும் பையனுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். மூத்தவர்கள் திட்டவும் செய்வார்கள். ஆனால் யாராவது அவனைக் கடலில் தள்ளிவிட்டுக் கைகொட்டிச் சிரிப்பார்களா? வேலையைக் கற்றுக்கொடுப்பார்கள். அதுதான் பழக்குவது!

பேச்சைக் கேலி செய்யாதே

அடி உதையைவிட ஆழமாகக் குத்துவது ஒன்று உண்டு. மீனவர் வீட்டுப் பிள்ளை பேச்சை நையாண்டி செய்வது. மீன் வாடை என்று மூக்கைப் பிடிப்பது. சாதியைத் தோண்டுவது. கறுப்பு என்று பட்டப்பெயர் வைப்பது. காயம் வெளியே தெரியாது. பையன் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான். "ஏன்டா?" என்று கேட்டால் பதில் வராது.

பல்கலைக்கழக மானியக் குழு 2016ல் இதையும் ராகிங் பட்டியலில் தெளிவாகச் சேர்த்துவிட்டது. நிறம், சாதி, மதம், மொழி, பிறந்த ஊர், குடும்ப வசதி ஆகியவற்றைச் சொல்லிக் கொடுமைப்படுத்துவதும், ஒதுக்கி வைப்பதும் ராகிங்தான். கரையூர்ப் பிள்ளைகளும் இதை மறக்கக் கூடாது. கேலிக்கு ஆளானவனே மூத்தவனானதும் அடுத்தவனைக் கேலி செய்கிற கதையும் நடக்கத்தான் செய்கிறது.

மூடி மறைப்பது யார்?

சட்டம் இருந்தும் ஏன் ஓயவில்லை? 2023 நவம்பரில் கோவையில் ஒரு கல்லூரி விடுதியில் பணம் கேட்டு ஜூனியர் மாணவரை அடித்து மொட்டை போட்டதாக 7 மாணவர்கள் கைதானார்களே!

காரணம், மூடி மறைக்கும் புத்தி. "கல்லூரி பேர் கெட்டுவிடும், பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று சமாதானம் பேசும் நிர்வாகங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவரைக் குற்றத்துக்கு உடந்தை என்றே 1997ஆம் ஆண்டுச் சட்டம் கருதுகிறது. அவருக்கும் அதே தண்டனைதான்! மூடி மறைத்தால் பேர் மட்டுமா கெடும்?

பெற்றோருக்கும் பங்கு உண்டு. ராகிங் செய்ய மாட்டேன் என்று மாணவனும், செய்ய விட மாட்டேன் என்று பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும் என்பது 2009 முதல் விதி. எத்தனை பேர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்? அந்தத் தாளைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். வாரம் ஒருமுறை போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "யாராவது தொல்லை தர்றாங்களா?" என்றும் கேளுங்கள். "என் பையன் யாருக்காவது தொல்லை தர்றானா?" என்றும் விசாரியுங்கள்!

1800-180-5522. நாடு முழுவதற்குமான ராகிங் புகார் தொலைபேசி எண் இது. கட்டணம் கிடையாது. பிள்ளையின் நோட்டு அட்டையில் எழுதி அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. பக்கத்து அறையில் அழுகைச் சத்தம் கேட்டும் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற மாணவன் நல்லவன் அல்ல. அவனும் கயிற்றைக் கைவிட்டவன்தான். வார்டனிடம் ஓடிப்போய்ச் சொல்கிறவன் காட்டிக்கொடுத்தவன் அல்ல. அவன்தான் மச்சான்!

தம்பிமார்களே! கீழே ஒருவன் மூச்சடக்கிக்கொண்டு இருக்கிறான். கயிறு உங்கள் கையில் இருக்கிறது. இழுத்துக் கரை சேர்த்துவிடுங்கள்!